மூடியிருந்த வகுப்பறைக் கதவு



எங்கள் கேரி தீவுத் தோட்டத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறாள். எஸ்.பி.எம். முடித்துவிட்டாள். சர்ஜன் ஆகணும் என்பது ஆசை. சுத்திலும் செம்பனை மரம்தான். யாரிடம் போய் வழி கேட்பது என்று தெரியாமல் என்னிடம் வந்தாள். நான் படிப்பதோ இன்ஜினியரிங்! எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அங்கிருந்த மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண் உள்ளே வரக்கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. அவருடைய தாய் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் என்பதையும் சிலர் குறையாகப் பேசினார்கள். புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்ததால்தான் படிப்பு தொடர்ந்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் ஒரு கதவு மூடியிருந்தது. பெண்களைத் தன் வகுப்பில் உட்கார விடாத ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். முத்துலட்சுமி சண்டைக்குப் போகவில்லை, படித்தார். அறுவை சிகிச்சைப் பாடத்தில் அவர் எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்துப் பேராசிரியரே மனம் மாறினார் என்று சொல்வார்கள். 1912-ல் பட்டம் பெற்று, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார்.

இதோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் வெற்றிக் கதை. ஆனால் அவருடைய சொந்தத் தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வலி அவரை விடவே இல்லை. 1925-ல் மேல்படிப்புக்கு லண்டன் போனபோது புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைப் பார்த்தார். சென்னையிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார்.

சட்டமன்றத்தில் துணைத் தலைவராக இருந்தார், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார், அவ்வை இல்லம் தொடங்கினார். இத்தனைக்கும் நடுவில் அந்த மருத்துவமனையை மறக்கவில்லை. காசு கேட்டு வீடு வீடாக அலைந்தார்கள். மகன் கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி எடுத்துத் திரும்பினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறில் வெறும் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறந்தது. அப்போது அம்மையாருக்கு வயது 67!

அடுத்த வருடம் டாக்டர் சாந்தா என்ற இளம்பெண் அரசு வேலையை வேண்டாம் என்று விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தியிடம் தொழில் கற்றார். சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன. 1968-ல் அம்மையார் காலமானார். சாந்தா தன் கடைசிக் காலம் வரை, 60 வருடங்களுக்கும் மேல், அங்கேயே இருந்தார்.

முத்துலட்சுமி உள்ளே போக எத்தனை பேரிடம் போராட வேண்டியிருந்தது! சாந்தா வந்தபோது கதவு திறந்தே இருந்தது. கற்றுக்கொடுக்க ஆளும் இருந்தார்.

அந்தத் தங்கச்சிக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் மார்க்கை எடு, கூச்சப்படாமல் கேள். மருத்துவம் படிக்கும், மருத்துவமனையில் வேலை செய்யும் அண்ணன் அக்காமார்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து வழி கேட்டால், ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிப் பேசுங்கள். பாலத்தைத் தாண்டி வரத் தயாராக இருக்கிறாள் அவள்.