பேசாத பிள்ளையும் பொய்யாத வாக்கும்

திருக்குருகூரில் வாழ்ந்த காரியாரும் உடையநங்கையாரும் நெடுநாள் மகப்பேறின்றி இருந்தனர். திருவண்பரிசாரத்திலிருந்து தம்மூர் திரும்பும் வழியில் திருக்குறுங்குடி நம்பியைச் சேவித்து, பிள்ளை வேண்டுமென்று விண்ணப்பித்தனர். தாமே வந்து பிறப்பதாக நம்பி அருளினார். வைகாசி விசாகத்தன்று பிள்ளை பிறந்தது.

ஆனால் அப்பிள்ளை அழவில்லை, பாலுண்ணவில்லை, கண் விழிக்கவுமில்லை. ஆயினும் திருமேனி வாடவில்லை. உலகியல்புக்கு மாறாக இருந்ததால் மாறன் என்று திருநாமம் சாற்றினர். 12ஆம் நாள் பொலிந்து நின்ற பிரான் திருமுன்பே கொண்டுசென்று, திருப்புளியாழ்வாரின் அடியில் விட்டனர்.

வாக்குப் பலித்தும் பலியாதது போன்ற அந்த 16 ஆண்டுகளை நாம் எளிதில் கடந்துவிடுகிறோம். பெற்ற பிள்ளை அம்மா என்று ஒருமுறையும் அழைக்கவில்லை. அப்பெற்றோர் கலங்கியிருந்தால் குறைகூற நாம் யார்? எனினும் எம்பெருமான் தந்ததை எம்பெருமானிடமே ஒப்படைத்தனர். அதுவே அவர்களுடைய விசுவாசம்.

பின்னர் வடதேச யாத்திரையில் இருந்த, வயதில் மூத்த மதுரகவிகள், தென்திசையில் கண்ட பேரொளியைத் தொடர்ந்து அங்கு வந்து சேர்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு விடையாகவே நம்மாழ்வார் முதன்முதலில் திருவாய் மலர்ந்தார். அத்திருவாயிலிருந்தே நான்கு பிரபந்தங்களும் பிறந்தன.

ஒரு குடிக்கு வேண்டிய பிள்ளையை உலகனைத்துக்கும் ஆசார்யனாகத் தந்தான் எம்பெருமான். திருவாய்மொழியின் ஐந்தாம் பத்தில் குறுங்குடிப் பதிகத்தை ஓதும்போதெல்லாம், அங்கே வாக்குப் பெற்றுக் காத்திருந்த அவ்விருவரையும் நாம் நினைக்கக் கடவோம்.