பள்ளிக் கதவும் பெருந்தலைவர் எம்.சி. ராஜாவும்

பெருந்தலைவர் எம்.சி. ராஜா அவர்களின் பெயரைக் கேட்டதும் நம் இளைஞர்க்கு 1932ஆம் ஆண்டின் தேர்தல் தொகுதிச் சிக்கலே நினைவுக்கு வரும். அப்பெருந்தகை முதற்கண் ஒரு பள்ளியாசிரியர் என்பதைப் பலர் அறியார். எந்தப் பிள்ளையைச் சேர்ப்பது என்பதைப் பள்ளி நடத்துவோர் தம் விருப்பப்படி முடிவு செய்யலாமா, அரசு முடிவு செய்ய வேண்டுமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை. ஆதலின் அவர் வரலாற்றை அவ்வழியே நோக்குவது தகும்.

மயிலை சின்னத்தம்பி பிள்ளையின் மைந்தராக 1883 ஜூன் 17 அன்று பரங்கிமலையில் தோன்றினார் ராஜா. இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். இரண்டும் மிஷன் நிலையங்கள் என்பது கருதத்தக்கது. ஆசிரியப் பணி ஏற்றார், பாடநூல்கள் எழுதினார், 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார்.

அந்நாளில் பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகளின் நிலை யாது? சென்னை மாகாணத்தில் அரசும் உள்ளாட்சி மன்றங்களும் நடத்திய பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல். அவற்றுள் நம் பிள்ளைகளைச் சேர்த்தவை சற்றேறக்குறைய 600 மட்டுமே என்பது 1919ஆம் ஆண்டில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. மறுத்தோர் எவரும் சட்டத்தைக் காட்டி மறுக்கவில்லை. பள்ளி அக்கிரகாரத்தில் இருக்கிறது என்றனர். கோயிலைச் சேர்ந்த இடத்தில் நடக்கிறது என்றனர். கட்டடத்துக்கு உரியவர் இசையவில்லை என்றனர். பள்ளியின் இருப்பிடமே வாயிற்காவலனாக நின்றது! சாதி கருதி எவரையும் தடுத்தலாகாது, அத்தகைய பள்ளிகளை யாவரும் வரத்தக்க இடத்துக்கு மாற்ற வேண்டும் என அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஆணை பிறந்தது.

நம் கந்தர்வக்கோட்டை அக்காலத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்ததன்று. தஞ்சை மாவட்டத்து ஜமீன் பகுதி. 1974இல்தான் புதுக்கோட்டை மாவட்டம் அமைந்தது. ஆகவே சென்னையில் பிறந்த ஆணைகள் நம் பாட்டன்மாரையும் நேரே தொட்டவை. ஆனால் மீறுவோர்க்குத் தண்டனை கூறாத ஆணை, சேர்க்கைப் பதிவேட்டைக் கையில் வைத்திருப்பவரை என்ன செய்யும்? அரசு மற்றொரு வழியும் கண்டது. தொழிலாளர் துறையின் பொறுப்பில் தனிப்பள்ளிகளைத் திறந்தது. அவை இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்னோடிகள். அவை இல்லையெனில் நம்மவருள் ஒரு தலைமுறை எழுத்தறியாமலே போயிருக்கும். ஊர்ப் பொதுப்பள்ளி தன் கதவைச் சாத்தியே வைத்திருக்க அவை ஒரு சாக்காகவும் அமைந்தன.

1920இல் நீதிக்கட்சியின் சார்பில் சட்டமன்றம் புகுந்த ராஜா, 1922இல் பறையர், பஞ்சமர் எனும் பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் எனப் பதிய வேண்டும் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றுவித்தார். அந்த ஆட்சியில் கல்லூரிச் சேர்க்கை முதல்வர் ஒருவரின் விருப்பத்திலிருந்து தெரிவுக் குழுவின் கைக்கு மாறியது. நல்ல மாற்றமே. ஆயினும் அரசுப் பணிகளைப் பங்கிட்ட 1921ஆம் ஆண்டு ஆணையில் நம் மக்களுக்கெனப் பங்கு எதுவும் குறிக்கப்படவில்லை. பங்கிடுவோர் மாறினால் மட்டும் போதாது, பங்கு ஏட்டில் நம் பெயரும் இருத்தல் வேண்டும் என்பதை அவர் அப்போதே கண்டுகொண்டார். அதுவும் புளியந்தோப்புக் கலவரத்தின் கசப்பும் சேர்ந்து 1923இல் அவரைக் கட்சியினின்று வெளியேற்றின.

1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபையில் இருந்தார். 1932இல் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் அண்ணல் அம்பேத்கரின் தனித்தொகுதிக் கோரிக்கைக்கு எதிரானது. அதனை நான் மறைக்கவும் மாட்டேன். அதனைக் கொண்டே அவரை எடைபோடவும் மாட்டேன். 1942இல் கிரிப்ஸ் தூதுக்குழுவைக் கண்டபோது இருவரும் ஒருங்கே நின்றனர்.

அவர் கொணர்ந்து 1938இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சமூக இடையூறுகள் நீக்கச் சட்டமே அவர் பணியின் கொடுமுடி. சாலை, கிணறு முதலாகப் பொதுமக்கள் புழங்கும் இடங்களில் நம்மவரைத் தடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. முதன்முறை சிறு அபராதம். மீண்டும் செய்தால் ஆறு திங்கள் வரை சிறை. 1919ஆம் ஆண்டின் ஆணைக்கு இல்லாத பல் இச்சட்டத்துக்கு முளைத்தது. அதே ஆண்டில் அவர் கொணர்ந்த ஆலய நுழைவு மசோதா, இராஜாஜி துணை நில்லாமையால் தோற்றது.

1943 ஆகஸ்டு 20 அன்று அவர் மறைந்தார். கல்லூரிகளில் 14 இடங்களுக்கு இரண்டு நமக்கென ஒதுக்கிய வகுப்புவாரி ஆணை 1951இல் உச்ச நீதிமன்றத்தில் வீழ்ந்ததையும், அவ்வாண்டே அரசியல் சட்டம் திருத்தப்பெற்றதையும் அவர் காணவில்லை.

இன்று சாதியைச் சொல்லி எவரும் மறுப்பதில்லை. சில தனியார் பள்ளிகள் ஐந்து வயதுப் பிள்ளையையும், பிள்ளையின் பெற்றோரையும் சோதித்துச் சேர்க்கின்றன. பத்தாம் வகுப்பு நெருங்குகையில் மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் தந்து அரசுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பலகை வைக்கின்றன. அவ்வாறு வரும் பிள்ளை எங்கள் வகுப்பறையில் பல நாள் வாய் திறப்பதில்லை. தான் கழிக்கப்பட்டவன் என்னும் எண்ணத்தை அகற்றிய பின்பே பாடத்தைத் தொடங்க முடிகிறது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சேர்க்கைத் தேர்வைத் தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பு இடங்களுள் நூற்றுக்கு 25ஐ நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. விண்ணப்பங்கள் மிகுந்தால் நம் மாநிலத்தில் குலுக்கலில் தெரிவு நடைபெறும். விண்ணப்பித்த பிள்ளையின் பெயரே குலுக்கலுக்கு வரும். பிறப்புச் சான்றும் சாதிச் சான்றும் இருப்பிடச் சான்றும் கோடை விடுமுறைக்கு முன்னரே நம் தெருக்களின் ஒவ்வொரு வீட்டிலும் ஆயத்தமாக இருக்கின்றனவா என்பதை நம் சங்கத்து இளைஞர்கள் பார்த்துவருதல் வேண்டும்.