காருக்குக் காற்று ஊதிய டிம் பர்கின்

அடுப்பு மங்கினால் பாட்டி என்ன செய்வாங்க? ஊதுகுழலை எடுத்து ஊதுவாங்க. உடனே தீ குபுகுபுன்னு எரியும். கார் எஞ்சினுக்கும் இப்படி ஒரு ஊதுகுழல் உண்டு. அதுதான் சூப்பர்சார்ஜர். எஞ்சின் சுழலும்போதே அதுவும் சுழன்று, சிலிண்டருக்குள் காற்றை அழுத்தித் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும், சக்தியும் கூடும். அதை நம்பி எல்லாவற்றையும் பணயம் வைத்த ஒருவரின் கதை இது.

ஹென்றி பர்கின் 1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பிறந்தார். லேஸ் துணி வியாபாரம் செய்த பணக்காரக் குடும்பம். சித்திரக்கதையில் வரும் டைகர் டிம் என்ற புலிக்குட்டியின் பெயரைச் சிறு வயதிலேயே இவருக்கு வைத்துவிட்டார்கள். கடைசி வரை அவர் டிம்தான்! முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்தார். பாலஸ்தீனத்தில் மலேரியா பிடித்தது. போர் முடிந்தபின் 1921-இல் கார் பந்தயத்துக்கு வந்தார்.

அவருக்குப் பிடித்த கார் பென்ட்லி. அதன் நாலரை லிட்டர் எஞ்சின் 110 குதிரைத்திறன் கொண்டது. எதிரிகளை ஜெயிக்க அது போதாது என்று நினைத்தார் பர்கின். இரண்டு வழி இருந்தது. ஒன்று, எஞ்சினையே பெரிதாக்குவது. இன்னொன்று, இருக்கிற எஞ்சினில் சூப்பர்சார்ஜர் மாட்டுவது.

காரை உருவாக்கிய டபிள்யூ. ஓ. பென்ட்லி முதல் வழியைத்தான் விரும்பினார். சாதாரணமாக மூச்சு விடுவதற்காகச் செய்த எஞ்சினில் காற்றைத் திணித்தால் சூடு ஏறும், பாகங்கள் தாங்காது என்பது அவர் கருத்து. பர்கின் கேட்கவில்லை. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளரிடம் சூப்பர்சார்ஜர் செய்யச் சொன்னார். வெல்வின் என்ற ஊரில் பட்டறை போட்டார். கைப்பணம் போதவில்லை. டோரதி பேஜட் என்ற செல்வப் பெண்மணி பணம் கொடுத்து உதவினார். லெ மான் பந்தயத்தில் சேர வேண்டுமானால் அந்த மாதிரி 50 கார்கள் செய்திருக்க வேண்டும். கம்பெனித் தலைவர் பர்னாட்டோ அதற்கும் சம்மதித்தார்.

ரேடியேட்டருக்கு முன்னால் பெரிய மூக்கு மாதிரி சூப்பர்சார்ஜர் துருத்திக்கொண்டு நின்றது. பந்தயக் காரின் சக்தி 240 குதிரைத்திறன் ஆனது. இரண்டு மடங்குக்கும் மேல்! ஆனால் பெட்ரோலையும் அப்படியே குடித்தது.

1930 லெ மான். 24 மணி நேரப் பந்தயம். ஜெர்மனியின் கராச்சியோலா ஓட்டிய ஏழு லிட்டர் மெர்சிடிஸை பர்கின் துரத்தினார். டயரின் மேல்பட்டை பிய்ந்து போயும் விடாமல் முந்தினார்! இரவில் மெர்சிடிஸ் பழுதாகி நின்றது. ஆனால் பர்கின் அணியின் இரண்டு கார்களும்கூடக் கடைசி வரை ஓடவில்லை. ஜெயித்தது யார் தெரியுமா? சூப்பர்சார்ஜர் இல்லாத, ஆறரை லிட்டர் பெரிய எஞ்சின் பென்ட்லி. இரண்டாம் இடமும் அதே வகைக் காருக்குத்தான். டபிள்யூ. ஓ. சொன்னதே நடந்தது.

அப்படியானால் பர்கின் தோற்றுவிட்டாரா? அதே ஆண்டு பிரெஞ்சு கிராண்ட் பிரீ பந்தயத்தில், சின்னச் சின்ன புகாட்டிகளுக்கு நடுவே அந்தக் கனமான காரை ஓட்டி இரண்டாம் இடம் பிடித்தார். 1932-இல் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் ஒற்றை இருக்கை பென்ட்லியில் மணிக்கு 222 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுற்று ஓடிச் சாதனை படைத்தார். குறுகிய தூரத்துக்கு அந்தக் கார் புலி. நாள் முழுக்க ஓடத்தான் முடியவில்லை.

1931-இல் அவர் லெ மானில் ஹோவ் பிரபுவுடன் சேர்ந்து வென்றார். அந்த ஆல்ஃபா ரோமியோவிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது! ஆனால் அதன் எஞ்சினை ஆரம்பத்திலேயே சூப்பர்சார்ஜருக்கென்று வடிவமைத்திருந்தார்கள். 24 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் வெற்றி அது.

1933 மே மாதம் திரிப்போலிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தார். அங்கே காரின் சூடான புகைக்குழாயில் கை பட்டுச் சுட்டுக்கொண்டது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜூன் 22-ஆம் தேதி லண்டனில் இறந்தார். வயது 36தான். காயம் சீழ் பிடித்ததா, பழைய மலேரியா திரும்பியதா என்று இன்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள்.

பழைய சூப்பர்சார்ஜரை வாங்கிக் காரில் மாட்ட ஆசைப்படும் அண்ணன்மார் இன்றும் உண்டு. அவர்கள் தண்டைக் கையால் ஆட்டிப் பார்த்து, ஆட்டம் இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, உள்ளே சுழலும் பாகங்களில் உரசல் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட முக்கியம், நம்ம எஞ்சின் அதைத் தாங்குமா என்று முதலில் பார்ப்பது. காற்றை ஊதுவது சுலபம். அடுப்பு உறுதியாக இருக்கணும் இல்லையா? யோசிப்போம் நண்பர்களே!