ஏர்ன்ஸ்ட் ராய்ட்டர்

ஏர்ன்ஸ்ட் ராய்ட்டர் (ஜூலை 29, 1889 - செப்டம்பர் 29, 1953) ஜெர்மனியைச் சேர்ந்த அரசியல்வாதியும் நகராட்சி நிர்வாகியும் ஆவார். 1948 முதல் இறக்கும் வரை மேற்கு பெர்லினின் மேயராகப் பதவி வகித்தார். சோவியத் ஒன்றியம் அந்நகரை முற்றுகையிட்ட காலத்தில் மக்களுக்குத் தலைமை தாங்கியவராக இவர் அறியப்படுகிறார்.

இளமையும் அரசியல் நுழைவும்

அன்று ஜெர்மனியிலும் இன்று டென்மார்க்கிலும் உள்ள ஆபென்ராடே நகரில் இவர் பிறந்தார். 1912 இல் சமூக சனநாயகக் கட்சியில் சேர்ந்தார். முதலாம் உலகப் போரில் காயமுற்று 1916 இல் ரஷ்யப் படையிடம் சிறைப்பட்டார். அங்கு போல்ஷெவிக் புரட்சியை ஆதரித்தார். 1918 இல் லெனின் இவரை வோல்கா ஆற்றுப் பகுதி ஜெர்மானியருக்கான மக்கள் ஆணையராக அனுப்பினார். நாடு திரும்பிய பின்னர் 1921 இல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். கட்சியில் மாஸ்கோவின் தலையீட்டை எதிர்த்ததால் 1922 இல் நீக்கப்பட்டு, பழைய கட்சிக்கே திரும்பினார்.

நகராட்சிப் பணியும் நாடு கடந்த வாழ்வும்

1926 இல் பெர்லின் நகராட்சியில் போக்குவரத்துப் பொறுப்பை ஏற்றார். தனித்தனியே இயங்கிய டிராம், பேருந்து, சுரங்க ரயில் ஆகியவற்றை ஒரே நிறுவனமாக இணைத்ததில் இவரது பங்கு முதன்மையானது. 1931 இல் மக்டெபர்க் நகர மேயரானார். 1933 இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் இவரைப் பதவியிலிருந்து அகற்றி, இருமுறை லிக்டன்பர்க் வதைமுகாமில் அடைத்தனர். 1935 இல் துருக்கிக்குச் சென்று, அங்காராவில் நகர அமைப்பியல் கற்பித்தார். 1946 இல் தாயகம் திரும்பினார்.

பெர்லின் மேயர்

1947 ஜூனில் நகர மன்றம் இவரை மேயராகத் தேர்ந்தெடுத்தது. அப்போது பெர்லினை நான்கு வல்லரசுகள் கூட்டாக நிர்வகித்தன. நால்வரும் இசைந்தால் மட்டுமே மேயர் பதவியேற்க முடியும். தம் அணியை விட்டு விலகியவர் என்பதால் இவரைச் சோவியத் தரப்பு ஏற்கவில்லை. எனவே லூயிஸ் ஷ்ரோடர் மேயர் பொறுப்பைக் கவனித்தார்.

1948 ஜூன் 24 இல் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழிகளை அடைத்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு உணவும் நிலக்கரியும் விமானங்களில் வந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 9 அன்று, சிதைந்து கிடந்த நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் கூடிய சுமார் 3 லட்சம் பேரிடையே ராய்ட்டர் உரையாற்றினார். இந்நகரைக் கைவிட வேண்டாம் என்று உலக மக்களை அதில் கேட்டுக்கொண்டார். டிசம்பரில் மேற்குப் பகுதிகளில் மட்டும் நடந்த தேர்தலுக்குப் பின் மேயரானார். முற்றுகை 1949 மே 12 இல் நீங்கியது.

மறைவு

1953 இல் மாரடைப்பால் காலமானார். செய்தி பரவியதும் பெர்லின் மக்கள் தம் வீட்டுச் சன்னல்களில் மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினர். பெர்லினில் ஏர்ன்ஸ்ட் ராய்ட்டர் சதுக்கம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.