சோழர்க்கு முகம் தந்தவர்

இராசராசனின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் விரித்துரைக்கும், முகத்தை உரைக்கா. 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்கியபோது, அம்முகத்தை வரையும் பொறுப்பு இருபத்தாறு வயது ஓவியர் ஒருவரிடம் வந்தது. அவர் மணியம். இயற்பெயர் சுப்பிரமணியம், 1924இல் பிறந்தவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்.

மணியம் கற்பனையை மட்டும் நம்பவில்லை. ஆசிரியர் கல்கியுடன் சோழநாட்டிலும் இலங்கையிலும் பயணம் செய்து, சிற்பங்களின் அணிகளையும் ஆடை மடிப்புகளையும் நுணுகி நோக்கினார். வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமீது வரும் வந்தியத்தேவன் அவர் தூரிகையில் உயிர்பெற்றான். குந்தவைக்கும் நந்தினிக்கும் வெவ்வேறு கொண்டை அமைத்தார். பெயரைப் படிக்குமுன்பே வாசகர் இருவரையும் பிரித்தறிந்தனர். திருக்கோவலூர் மலையமான் உலவும் அக்கதை மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வளர்ந்தது. எழுத்து முடிந்த பின்னரே ஓவியம் தொடங்க இயலும், அச்சகமோ காத்திராது. அந்த நெருக்கடியிலும் அவர் கோடு தளரவில்லை என்பதே வியப்பு.

அக்கோட்டின் ஓட்டத்தை அருகிருந்து கண்டு வளர்ந்தவர் அவருடைய மகன். 1968இல் மணியம் மறைந்தார். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயதே. மகனோ ஓவியராகும் கனவோடு நின்ற இளைஞர். தந்தையைப் படியெடுத்தல் எளிது. அவர் நிழலிலிருந்து விலகித் தனக்கெனக் கோடு காணுதல் அரிது. மகன் அரியதையே மேற்கொண்டு, வண்ணத்திலும் ஒளியிலும் தனிவழி கண்டார். பெயரில் மட்டும் தந்தையைப் பிரியவில்லை. மணியம் செல்வன் என்னும் அப்பெயர் ‘ம.செ.’ எனச் சுருங்கித் தமிழ் இதழ்களின் ஓவியங்களில் இடம்பெற்றது.