புனித ஜான் போஸ்கோ: பழைய பள்ளிப் படங்கள் நினைவூட்டும் வாழ்வு

இந்த யூபிலி மலருக்காகப் பங்குக் குடும்பங்களிடம் பழைய புகைப்படங்களைக் கேட்டபோது, கோவில் படங்களைவிடப் பள்ளிப் படங்களே நம் கைக்கு அதிகமாக வந்து சேர்ந்தன. முகப்பேரில் இன்று குடியிருக்கும் நம்மில் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து வந்தோர், ஆவடித் தொழிற்சாலைகளை நம்பி வந்தோர், வீட்டு வசதி வாரியத்தின் வீடு கிடைத்து வந்தோர் எனப் பல வகையினர் நாம். ஆயினும் தகரப் பெட்டியின் அடியில் நாம் பத்திரமாகக் கொண்டுவந்த படம் மட்டும் ஒரே மாதிரியானது. கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் இறுதி வகுப்பு முடியும் தறுவாயில் எடுத்த குரூப் போட்டோவே அது.

நடுவில் வெள்ளை அங்கியில் தலைமையாசிரியராகிய குருவானவர். அவருக்கு இருபுறமும் ஆசிரியர்கள். தரையில் சம்மணமிட்டு அமர்ந்த சிறியவர்கள். பின்னே பெஞ்சின்மேல் ஏறி நின்ற உயரமானவர்கள். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைகள். அண்ணனிடம் இரவல் வாங்கிய சட்டைகள். அட்டையின் கீழே இடமிருந்து வலமாக அச்சிட்ட பெயர்களை வாசிக்கையில், காலை மணியோசையும், ஞானோபதேச வகுப்பும், அக்டோபர் மாத ஜெபமாலையும், மாலையில் புழுதி பறக்க ஆடிய கால்பந்தும் நம் நெஞ்சில் மீண்டும் எழுகின்றன.

சில படங்களில் பெயர் வரிசைக்குக் கீழே, வராதோர் என்று ஒரு வரி காணப்படும். அன்று காய்ச்சலில் படுத்துவிட்டவர்களின் பெயர்கள் அவை. ஆனால் அந்த வரியிலும் இடம் பெறாத பிள்ளைகள் உண்டு. எட்டாம் வகுப்புவரை நம்மோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்து, தந்தை இறந்ததாலோ குடும்பக் கடன் முற்றியதாலோ ஒருநாள் பட்டறை வேலைக்குப் போய்விட்ட தோழர்கள் அவர்கள். வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்ததோடு அவர்களது பள்ளி நாட்கள் முடிந்துபோயின. இன்று அவர்களின் முகம்கூட நமக்குச் சரியாக நினைவில்லை.

இப்படங்கள் சிலவற்றில் பின்சுவரில் சட்டமிட்ட ஓர் உருவம் தெரிகிறது. கருப்பு அங்கி, சுருண்ட கேசம், மெல்லிய புன்முறுவல். அவரே புனித ஜான் போஸ்கோ. உலகம் அன்போடு தொன் போஸ்கோ என்றழைக்கும் குருவானவர். தொன் என்பது இத்தாலியில் குருக்களுக்கு வழங்கும் மரியாதைச் சொல். படத்தில் இடம் பெறாத அந்தப் பிள்ளையைத் தேடிச் சென்றதே அன்னாரது வாழ்க்கை என்றால் அது மிகையாகாது.

காலம் தாழ்ந்து பள்ளி சேர்ந்தவர்

வட இத்தாலியில் தூரின் நகருக்கு அருகே பெக்கி என்னும் குக்கிராமத்தில், 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் ஜான் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே, 1817-இல், தந்தை பிரான்சிஸ் காய்ச்சலில் காலமானார். எழுதப் படிக்கத் தெரியாத அன்னை மார்கரீத்தாவே நிலத்தை உழுது பிள்ளைகளை வளர்த்தார். ஒன்பது வயதில் ஜான் கண்ட கனவு யாவரும் அறிந்ததே. சண்டையிட்டுக்கொண்டிருந்த சிறுவர்களை அடியால் அல்ல, அன்பால் வெல்ல வேண்டும் என்று அக்கனவு கற்பித்தது. அன்று முதல் கயிற்றின்மேல் நடந்தும் வித்தைகள் காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி, வித்தைக்குக் கட்டணமாக ஜெபமாலை சொல்லவைத்தான் சிறுவன் ஜான்.

ஆனால் பள்ளிப் படிப்பு அவனுக்கு எளிதில் கிட்டவில்லை. தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த மூத்த அண்ணன் அந்தோணி, உழவன் வீட்டில் புத்தகம் எதற்கு என்று எதிர்த்து நின்றார். வீட்டில் அமைதி நிலைக்க வேண்டி, 1828-இல் தாய் தம் பன்னிரண்டு வயது மகனை வேலை தேடி அனுப்ப நேர்ந்தது. மோலியா என்பவரின் பண்ணையில் மாடு மேய்த்து, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஜான் கூலிப் பையனாகக் கழித்தான். பிறகு கலோசோ என்ற முதிய குருவானவர் அவனுக்கு லத்தீன் கற்பிக்கத் தொடங்கினார். அவரும் 1830-இல் திடீரென மரணமடைந்தார். தந்தையை இரண்டாம் முறையாக இழந்ததுபோல் ஜான் கதறினான்.

1831-இல் கியேரி நகரப் பள்ளியில் சேர்ந்தபோது ஜானுக்கு வயது பதினாறு. தன்னைவிட மிகச் சிறியவர்களோடு கீழ்வகுப்பில் அமர வேண்டியிருந்தது. உணவுக்காகவும் உறைவிடத்துக்காகவும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னான், காப்பிக் கடையில் வேலை செய்தான், தையலும் கற்றுக்கொண்டான். அங்கேயும் தோழர்களைச் சேர்த்து மகிழ்ச்சிக் கழகம் என ஒன்றை அமைத்தான். கடமையைச் செய்வதும் மகிழ்ந்திருப்பதுமே அதன் சட்டங்கள். பள்ளி நாட்களின் இனிமையை அவன் நம்மைப்போலவே அனுபவித்தான்; ஆனால் அந்த இனிமை எத்தனை எளிதில் கைநழுவக் கூடியது என்பதையும் அறிந்திருந்தான்.

கட்டடத் தொழிலாளிப் பையன்

1841-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் ஜான் குருவாகத் திருநிலை பெற்றார். தம் வழிகாட்டியான புனித ஜோசப் கஃபாசோவுடன் தூரின் சிறைகளுக்குச் சென்றபோது, அங்கே சிறுவர்களும் அடைபட்டிருப்பதைக் கண்டு நடுங்கினார். தூரின் அன்று வேகமாக வளர்ந்துவந்த நகரம். சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கல் சுமக்கவும் சுண்ணாம்பு குழைக்கவும் புகைபோக்கி துடைக்கவும் வந்து குவிந்தார்கள். அவர்களுக்குப் பள்ளியும் இல்லை, பங்கும் இல்லை, கேட்பாரும் இல்லை.

அவ்வாண்டு டிசம்பர் 8, அமல உற்பவ மாதாவின் திருநாள். தூரினில் அசிசியார் ஆலயச் சக்ரீஸ்தில், பூசைக்கு உதவத் தெரியாத ஒரு பையனைக் கோவில் பணியாளர் அடித்து விரட்டினார். பூசைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்த தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைக்கச் சொன்னார். பர்த்தலோமேயு கரெல்லி என்ற அப்பையன் தாய் தந்தை அற்ற கட்டடத் தொழிலாளி; எழுதவோ படிக்கவோ தெரியாதவன். எதுவும் தெரியாது என்றே பதில் சொல்லிவந்தவனிடம், சீட்டியடிக்கத் தெரியுமா என்று குருவானவர் கேட்க, அவன் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு மலர்ந்தது. ஓர் அருள் நிறைந்த மந்திரத்தைச் சொல்லி அவனுக்கு முதல் பாடம் தொடங்கினார். சலேசியப் பணியின் பிறந்த நாளாக அந்த நாளே கருதப்படுகிறது.

ஒருவன் பலரானான், பலர் நூற்றுக்கணக்கானோர் ஆயினர். அவர்கள் எழுப்பும் இரைச்சலைப் பொறுக்காத அக்கம்பக்கத்தார் அவர்களை இடம் விட்டு இடம் துரத்தினர். தொன் போஸ்கோவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று கருதிய இரு குருக்கள் அவரை மனநோய் இல்லத்துக்கு அழைத்துச் செல்ல வண்டியோடு வந்ததும், அவர் அவர்களையே முதலில் வண்டியில் ஏறச் செய்து, கதவைச் சாத்தி அனுப்பிவைத்ததும் சலேசிய இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. கடைசியில் 1846-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று, வால்தோக்கோ என்னுமிடத்தில் பினார்தி என்பவரின் தாழ்ந்த கொட்டகை கிடைத்தது. அதுவே அவர்களது கோவிலும் பள்ளியுமாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் அன்னை மார்கரீத்தா ஊரையும் வீட்டையும் விட்டு மகனோடு அங்கே வந்து சேர்ந்தார். பீடத்துணி தைக்கத் தம் திருமண ஆடையையே கொடுத்த தாய் அவர்.

முதலில் இரவு தங்க இடம் கொடுத்த பையன்கள் போர்வைகளைத் திருடிக்கொண்டு ஓடினார்கள். ஆயினும் 1847 மே மாதத்தில் ஒருநாள், மழையில் நனைந்து கதவைத் தட்டிய அனாதைச் சிறுவனுக்கு அன்னை மார்கரீத்தா அடுக்களையில் படுக்கை விரித்தார். உறங்குமுன் அவனுக்குச் சில நல்ல வார்த்தைகள் சொன்னார். சலேசிய விடுதிகளில் படித்தோர் இரவு ஜெபத்துக்குப் பின் கேட்ட சிற்றுரைக்கு மூலம் இதுவே.

அவர் விரும்பிய படம்

வேலைக்குப் போகும் பையன்களை முதலாளிகள் வதைப்பதைக் கண்ட தொன் போஸ்கோ, அவர்கள் சார்பில் எழுத்து மூலமாக ஒப்பந்தம் செய்துகொண்டார். தச்சு வேலை பழகச் சென்ற ஒரு பையனுக்காக 1852 பிப்ரவரியில் செய்த ஒப்பந்தம் இன்றும் உள்ளது. தொழிலைத் தவிர வேறு ஏவல் வேலை வாங்கக் கூடாது, சொல்லால் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கக் கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு தர வேண்டும் என்பன அவர் வற்புறுத்திய நிபந்தனைகள். 1853 முதல் வால்தோக்கோவிலேயே செருப்புத் தைத்தல், தையல், புத்தகம் கட்டுதல், தச்சு, அச்சு எனப் பட்டறைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. 1854-இல் தூரினில் காலரா பரவியபோது, அவருடைய பையன்களே முன்வந்து நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் அவரிடம் வந்து சேர்ந்தவன்தான் தோமினிக் சாவியோ. 1857-இல் தன் பதினைந்தாவது வயது நிறையுமுன்பே மறைந்து, 1954-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அந்த மாணவனுக்குப் புகைப்படம் எதுவும் இல்லை. உடன் படித்த ஒருவர் தீட்டிய சித்திரத்தின் வழியாகவே அவன் முகத்தை நாம் அறிகிறோம்.

தொன் போஸ்கோவுக்கோ புகைப்படங்கள் உண்டு. அவற்றுள் 1861-இல் எடுத்த ஒன்று நம் சிந்தனைக்குரியது. அந்நாளில் கருவியின்முன் சற்று நேரம் ஆடாமல் அசையாமல் இருந்தால்தான் படம் பதியும். பெரியவர்கள் தனியே நாற்காலியில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்வதே வழக்கம். தொன் போஸ்கோவோ பாவசங்கீர்த்தனம் கேட்கும் நிலையில், சுற்றிலும் பையன்கள் சூழ்ந்திருக்கப் படம் பிடிக்கச் செய்தார். அவரருகே மண்டியிட்டுத் தலை சாய்த்திருக்கும் பையன் பவுல் அல்பேரா. பின்னாளில் சபையின் தலைவர்களுள் ஒருவரானவர். தம்மை உலகம் எப்படி நினைவுகூர வேண்டும் என்று அவர் விரும்பினார் என்பதற்கு இந்த ஒரு படமே போதும். பிள்ளைகளுக்கு நடுவே, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவராக அவர் விளங்குகிறார்.

தம் பையன்களுள் சிலரைக் கொண்டே 1859-இல் சலேசிய சபையை நிறுவினார். 1872-இல் புனித மரிய மசரெல்லோவுடன் சகோதரிகள் சபை தோன்றியது. 1875-இல் முதல் மறைபரப்பாளர்கள் அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினர். அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் அமைந்த தம் கல்விமுறையை 1877-இல் எழுத்தில் வடித்தார். ஓயாத உழைப்பால் தேய்ந்து, 1888-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விடியற்காலையில் இறைவனடி சேர்ந்தார். இளம் குருவாக அவரை நேரில் சந்தித்துத் தங்கிச் சென்ற திருத்தந்தை பதினோராம் பத்திநாதரே, 1934-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் மண்ணில்

1906 ஜனவரியில் அருள்தந்தை தொமாத்திஸ் தலைமையில் சலேசியர் தஞ்சாவூருக்கு வந்து, அனாதைப் பிள்ளைகளுக்கான பணியை மேற்கொண்டனர். 1928-இல் சலேசியரான மெதர்லெட் சென்னைப் பேராயரானார். அவருக்குப் பின் 1935-இல் வந்த பேராயர் லூயிஸ் மத்தியாஸ், தொன் போஸ்கோ மறைவதற்கு முந்தைய ஆண்டில் பிறந்தவர். நமக்கு அண்மையிலுள்ள பூந்தமல்லியில் 1936-இல் திரு இருதயக் குருத்துவக் கல்லூரி எழுந்தது அன்னாரது முயற்சியால்தான். 1952-இல் உருவான சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயராக விளங்கி 1965-இல் அவர் மறைந்தார். அவரது காலத்திலேயே, 1958-இல், எழும்பூரில் தொன் போஸ்கோ பள்ளி தோன்றியது. நம் பெட்டிகளில் உள்ள படங்களின் வேர் இவ்வாறு ஒரு கொட்டகையில் இருக்கிறது.

அன்புக்குரிய பங்கு மக்களே, பழைய படங்களைப் பார்த்து மகிழ்வது நல்லதே. கற்பித்த குருக்களையும் சகோதரிகளையும் ஆசிரியர்களையும் நன்றியோடு நினைப்பது நம் கடமை. ஆனால் தொன் போஸ்கோவின் வாழ்வு நம்மிடம் வேறொன்றையும் கேட்கிறது. முகப்பேரில் அடுக்குமாடி வீடுகள் எழும் இடங்களில், தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளை நாம் தினமும் கடந்து செல்கிறோம். தேநீர்க் கடையில் டம்ளர் கழுவும் பையனின் பெயர் நமக்குத் தெரியாது. தூரின் நகரில் கல் சுமந்த கரெல்லியின் தம்பிகள் அல்லவா இவர்கள்?

மாலையில் நம் கோவில் வளாகத்தில் ஓர் அறையைத் திறந்து, இரண்டு பேர் பாடம் சொல்ல முன்வந்தால் போதும். தொடக்கத்துக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. தொன் போஸ்கோவும் ஒரே ஒரு பையனோடுதான் தொடங்கினார். அடுத்த யூபிலி மலருக்காக நம் பேரப்பிள்ளைகள் பெட்டியைத் திறக்கும்போது, அன்று கிடைக்கும் படத்தில் இந்தப் பிள்ளைகளின் முகங்களும் இருக்க வேண்டும். இளைஞரின் தந்தையும் ஆசிரியருமான புனித ஜான் போஸ்கோ நமக்காகப் பரிந்து பேச, இறைவன் அதற்கு அருள்புரிவாராக.