படுக்கையில் விழுந்தும் கலங்காத அம்மா

ஓசூரில் இருந்து பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர் தூரம். உடம்புக்கு முடியாவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் எல்லை தாண்டி அங்குள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போவது உண்டு.

1895-ம் ஆண்டு அதே பெங்களூருக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தார். நோயாளிகளுக்கு ஊழியம் செய்ய வந்தவர். ஆனால், வந்ததுமே அவருக்குக் கடும் காய்ச்சல்! உதவ வந்தவரே நோயாளி ஆனார்.

அவர்தான் எமி கார்மைக்கேல் அம்மையார்.

பலவீனமான உடல்

1867-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். 7 பிள்ளைகளில் மூத்தவர். 17 வயதில் தந்தையை இழந்தார்.

நரம்பு வலி அவரை வாட்டியது. ஊழியம் செய்யச் சீனா செல்ல விரும்பினார். உடல்நிலை காரணமாக அனுமதி கிடைக்கவில்லை. 1893-ல் ஜப்பானுக்குப் போனார். அங்கும் நோய் வந்தது. பிறகுதான் இந்தியாவுக்கு வந்தார்.

காய்ச்சலைக் கண்டு அவர் ஊர் திரும்பிவிடவில்லை. அதன்பின் 55 ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்தார். ஒரு முறைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை!

ஓடி வந்த சிறுமி

திருநெல்வேலிச் சீமைக்கு வந்து தமிழ் கற்றார். வாக்கர் பாதிரியார் கற்றுக்கொடுத்தார்.

1901-ம் ஆண்டு மார்ச் மாதம். பண்ணைவிளை கிராமத்தில் இருந்த அம்மையாரிடம் ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். வயது 7. பெயர் பிரீனா. அவளைப் பொட்டுக்கட்டித் தேவதாசி ஆக்க இருந்தார்கள். முன்பு தப்பி ஓடியதற்காகக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள்.

சிறுமியை அம்மையார் திருப்பி அனுப்பவில்லை. டோனாவூரில் இல்லம் அமைத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். எல்லோருக்கும் அவர் அம்மா ஆனார்.

இதில் ஆபத்தும் இருந்தது. பிள்ளையைக் கடத்தியதாக வழக்கு வரலாம். ஜெயிலுக்கும் போகலாம். பயம் வந்தபோதெல்லாம் பிரார்த்தனை செய்தார். பிள்ளைகளைக் கைவிடவில்லை.

பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்துச் சென்னை மாகாணத்தில் 1947-ல் சட்டம் வந்தது. அதைக் காண அம்மையார் உயிரோடு இருந்தார்.

குழியில் விழுந்தார்

1931 அக்டோபர் 24-ந் தேதி. தன் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாக உதவத் தன்னை எப்படி வேண்டுமானாலும் ஆயத்தப்படுத்தும்படி அன்று காலை கடவுளை வேண்டினார். மாலையில், வைத்தியசாலைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கக் களக்காடு போனார். அங்கே தோண்டியிருந்த ஒரு குழியில் விழுந்தார். கால் முறிந்தது.

ஓயாமல் ஓடி உழைத்தவர். இனி அறையே உலகம்! கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் இந்த நிலை. இரவெல்லாம் வலி. தூக்கம் இல்லை.

தலைவலியும் காய்ச்சலும்

ஆறுதல் சொல்லும் புத்தகங்களைப் படித்துப் பார்த்தார். மனம் தேறவில்லை. காரணம் அவருக்குப் புரிந்தது. அவற்றை எழுதியவர்கள் சுகமாக இருந்தவர்கள்! தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

எனவே தானே எழுதினார். நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதிய அந்த ஆங்கில நூல் 1933-ல் வெளிவந்தது. முள்ளில் இருந்து ரோஜா என்பது தலைப்பின் பொருள். படுத்தபடியே மேலும் பல நூல்களை எழுதினார்.

சுகம் வேண்டிப் பிரார்த்தித்தார்கள். முழுச் சுகம் கிடைக்கவில்லை. ஆனால் சிலுவையில் வலியை அனுபவித்த இயேசு, தன் வலியையும் அறிவார் என்று அம்மையார் நம்பினார். நடந்ததை ஏற்றுக்கொண்டார். வலி போகவில்லை, கலக்கம் போயிற்று. பிள்ளைகள் அந்த அறைக்கு வந்து, தங்கள் கவலைகளைச் சொல்லி ஆறுதல் பெற்றார்கள்!

1948-ல் அறைக்குள்ளேயே மீண்டும் விழுந்தார். பிறகு படுக்கையை விட்டு எழவில்லை. 1951 ஜனவரி 18-ந் தேதி காலமானார். வயது 83.

தன் கல்லறையில் கல் எதுவும் நாட்டக்கூடாது என்று சொல்லியிருந்தார். டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில், பறவைகளுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

அம்மா!